ஜெனரலுக்கு மறுத்த கோப்பை

கண்ணாடிக் கோப்பை ஒன்று சுவரில் மோதிச் சிதறியது. ஓய்வுபெறும் ஜெனரல் ஃபொன் ராபெனோவின் நலத்துக்காகக் கோப்பை உயர்த்திய பிரஷ்யக் குதிரைப்படை அதிகாரிகள் திகைத்து நின்றார்கள். எறிந்தவர் மேஜர் டெஸ்மார்.

“என்ன மேஜர், ஒயின் புளிக்குதா?” என்றார் ஜெனரல்.

“உங்க பேரைச் சொன்னதும் புளிச்சுப்போச்சு. பிரெஞ்சுப் போர்ல, தாக்காதீங்கன்னு மேலிடத்து உத்தரவைக் கொண்டுவந்தவன் என் தம்பி. நீங்க அதை மீறிப் பாஞ்சு ஜெயிச்சீங்க. ஆனா பாதிப் படை செத்துச்சு. உத்தரவே வரலைன்னு பழியை அவன்மேல போட்டீங்க. அவன் தன்னையே சுட்டுக்கிட்டான். அந்தப் பழியால இன்னும் எங்க குடும்பக் கல்லறையில அவனுக்கு இடமில்லை. இத்தனை பேர் முன்னால உண்மையைச் சொல்லுங்க.”

ஜெனரல் மீசையை நிதானமாக நீவினார்.

“உத்தரவு வந்துச்சு மேஜர். அதுக்கு அடங்கி நின்னிருந்தா, நான் கர்னலாவே வீட்டுக்குப் போயிருப்பேன்.”