மேலே வந்தவர்

ஸுஹைரைக் குடிகாரன் என்று நினைத்துத்தான் அடக்கினார்கள்.

முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் கிண்ணியாவில் ஒரு ஜனாஸா என்றால் பள்ளிவாசல் முற்றம் நிறையும். அன்று ஒரு வரிசைகூடச் சரியாக நிரம்பவில்லை. ஏனென்று பக்கத்து வீட்டுப் பரீதாதான் ஸுஹைரின் மனைவி நஜ்முன் நிஸாவுக்கு வந்து சொன்னாள்.

"மறைச்சு என்ன புள்ள. கப்பல்காரங்களோட சேந்து குடிச்சாராம். கப்பல்ட தாங்கிக்குள்ள இருந்து சிரிச்சிக்கிட்டுத் தள்ளாடி மேல வந்தாராம். கண்ட ஆக்களே ரெண்டு பேர் இருக்காங்க. பிறகு திரும்ப இறங்கி உள்ளுக்குக் கிடந்து மவுத்தாகிட்டாராம்."

"அவர் அத தொட்ட ஆளில்ல, ராத்தா."

"எனக்குத் தெரியும். ஊருக்கு ஆர் சொல்ற?"

நிஸாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஊருக்கு யாராவது சொல்ல வேண்டும். குர்ஆன் ஓதப்போன மகள் அசனா, "குடிகாரன்ட மகள்" என்று பிள்ளைகள் கூப்பிட்டதைக் கேட்டு அழுதுகொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தானே போய்க் கேட்கலாமென்றால் கணவனை இழந்து இத்தாவில் இருக்கிறாள். தவணை முடியும்வரை வெளியே போவதும் அந்நிய ஆண்கள் முன் வருவதும் இல்லை. எதுவென்றாலும் கூடப்பிறந்த காக்கா ஸெய்னுதீன் வாயால்தான் கேட்க வேண்டும். ஸுஹைரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கப்பலில் சரக்கு நிரப்பும் தாங்கிகளைக் கழுவப் போனவரும் அவர்தான். மையித்தைத் தோணியில் கொண்டுவந்தவரும் அவர்தான். கேட்டால், "அல்லாஹ்ட நாட்டம், தங்கச்சி" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

கப்பல் போய்க் கொஞ்ச நாளில் அன்புவழிபுரத்து யோகலிங்கம் வந்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணக்கெழுதும் லிகிதர். ஸெய்னுதீன் அவரை முன்மண்டபத்தில் கதிரை போட்டு இருத்தினார். நிஸா அறைவாசல் சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கந்தோரில இதைக் கதைக்க விடமாட்டினம். அதுதான் இஞ்ச வந்தனான்."

"என்ன விஷயம், ஐயா?"

"அது மண்ணெண்ணெய்க் கப்பலில்லை, ஸெய்னுதீன். இரசாயனச் சாமான் ஏத்துறது. பெயின்ட் கரைக்கிற தண்ணி மாதிரி ஒண்டு. தாங்கி வெறுமையெண்டுதான் உங்களுக்குச் சொன்னவை. ஆனா அடியில ஆவி நிக்கும். பழுத்த பழம் மாதிரி ஒரு வாசம் வந்திருக்குமே?"

ஸெய்னுதீன் தலையசைத்தார்.

"அந்தக் கப்பலில சமைக்கிறவன் கரைக்கு வந்தா என்னோடதான் கதைக்கிறவன். போக முதல் வந்து அழுதான். இது மூண்டாம் சாவாம். ஒரு துறைமுகத்தில பெயின்ட் அடிக்க இறங்கினவன் சிரிச்சுச் சிரிச்சு மேல வந்தவனாம். குடிவெறியெண்டு எல்லாரும் பகிடி பண்ணினவையாம். கொஞ்சத்தால சீவன் போயிட்டுது. பிறகு இன்னொரு இடத்தில கப்பலாள் ஒருத்தன். அதோட கப்பலின்ர பேரையே மாத்திப்போட்டினம். புதுப் பெயின்டுக்குக் கீழ பழைய எழுத்துப் புடைச்சுக்கொண்டு நிக்கிறதை நானும் கண்டனான்."

"சிரிச்சுக்கொண்டா வந்தவன்?" சீலைக்குப் பின்னாலிருந்து நிஸா கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. அந்த ஆவி தலைக்கு ஏறினா நாக்குக் குழறும், கால் நிக்காது. சாராயம் ஒரு துளியும் தேவையில்லை. உங்கட அவர் குடிக்கேல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

உள்ளே அழுகை கேட்டது. யோகலிங்கம் அது அடங்கும்வரை பொறுத்திருந்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"மேல வந்தவனைக் காத்துப்படுற இடத்தில கிடத்தினாத் தப்புவானாம். வேற ஒருத்தன் அப்பிடித் தப்பியிருக்கிறான். இவருக்குத்தான் பாவம், மேல வரக் கிடைக்கேல்லை."

அழுகை நின்றது.

"காக்கா."

"ம்."

"மேல வந்தாரெண்டுதானே சனம் கதைக்குது. பிறகு ஏன் கீழ போனார்?"

ஸெய்னுதீன் சீலைப் பக்கம் திரும்பினார்.

"நான்தான் அனுப்பினன்."

யோகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"குடிச்சிட்டாரெண்டு நினைச்சன். முந்தினநாள் கப்பல்காரங்க போத்தலக் காட்டிக் கூப்பிட்டவங்க. மேல தட்டில எல்லாம் நம்மட ஊர்ப் பொடியன்மார். ஒருத்தன் கண்டாலும் ஊரெல்லாம் கதை போயிரும், உன்ட மானம் போயிரும். கீழ போய்ப் படுங்க மச்சான், தெளிஞ்சாப் பிறகு கூப்பிடுறன் எண்டன். சிரிச்சிட்டு இறங்கினார். ஒருத்தரும் எட்டிப் பாக்காம நான் தாங்கி வாசல்ல காவல் நிண்டன்."

"என்ட மானத்துக்கா?"

"ஓம்."

யோகலிங்கம் எழுந்துவிட்டார். "நல்லது ஒண்டு சொல்ல எண்டு வந்தனான், தங்கச்சி."

"நல்லதுதான் சொன்னீங்க, ஐயா. இருந்து தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க." பிறகு அதே குரலில், "காக்கா, வெள்ளிக்கிழமை பள்ளியில எழும்பிச் சொல்லுங்க."

"குடிக்கல்ல எண்டு சொல்றன்."

"அது மட்டும் சொன்னா மச்சானுக்காகப் பொய் சொல்றீங்க எண்டுவாங்க. கீழ அனுப்பினதையும் சொல்லுங்க."

"அதச் சொன்னா நான் இந்த ஊர்ல எப்பிடி நடக்கிற, நிஸா?"

"அசனா இப்ப எப்பிடி நடக்கிறாளோ, அப்பிடி."

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பரீதா தன் புருஷனிடம் கேட்டு வந்து சொன்னாள்.

"ஒண்டும் விடாமச் சொன்னாராம். மௌலவி கையப் பிடிச்சிக்கிட்டாராம். ஆனா வெளிய வரக்குள்ள அவரோட ஒருத்தரும் நடக்கல்ல, புள்ள."

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வீடு கொள்ளாத சனம். ஜனாஸா அன்று தொழ வராதவர்களும் வந்து ஓதினார்கள். "ஒரு சுருட்டும் தொடாத மனிசன்" என்று யாரோ சொன்னது குசினிக்குக் கேட்டது. நிஸா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பரீதா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"உன்ட காக்கா வேலிக்கு வெளிய நிக்கிறார். உள்ளுக்குக் கூப்பிடட்டா?"

அகப்பை நின்றது.

"அவர்ட முகத்தப் பாக்க எனக்கு ஏலாது, ராத்தா. இன்னும் ஏலாது."

"அப்ப போகச் சொல்லவா?"

"ஐயோ வேணாம்." ஒரு பீங்கான் தட்டை எடுத்துச் சோற்றை அள்ளி வைத்தாள். அதன் மேல் இறைச்சி வைத்தாள். யோசித்து இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். "அங்கயே கொண்டுபோய்க் குடுங்க. விடிய இருந்து ஒண்டும் திண்டிருக்கமாட்டார்."