அஸருக்கு ஒரு ஜாடி

மொட்டைமாடித் தொட்டியை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்த்தாள் ஃபௌஸியா. டங் டங்கென்று வெற்றுச் சத்தம். அடியில் ஒரு சாண் உயரத்தில்தான் சத்தம் மாறியது. அன்று புதன்கிழமை. அவர்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் விடுவது சனிக்கிழமை ஒரு நாள்தான். நாளைக்கோ மகள் ருலா கைக்குழந்தையோடு வருகிறாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், துணி அலச வேண்டும். லாரித் தண்ணீர்க்காரன் காலையிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தண்ணீர் எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் கணவர் மம்தூஹ் முப்பது வருடம் அம்மான் நகரச் சந்தைகளில் தராசு சோதித்த அதிகாரி. படிக்கல்லில் ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரன் செத்தான். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கத் தராசு இல்லாமல் தன்னையே சோதிக்கத் தொடங்கிவிட்டார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவை ஊரே மூன்று நிமிடத்தில் முடிக்கிறது. இவருக்கு முக்கால் மணி நேரம். குதிகால் நனைந்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. பள்ளிவாசல் இமாமிடம் இழுத்துக்கொண்டு போனாள். "ஒரு தடவை போதும், சந்தேகத்தைக் கண்டுக்காதீங்க" என்றார் இமாம். வீடு திரும்பும் வழியிலேயே, இமாம் சொன்னது தன் காதில் சரியாக விழுந்ததா என்று இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தொட்டியின் குழாய் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. ரொட்டி மாவு ஒட்டிய கையாலேயே ஒரு ஜாடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வால்வை இறுக மூடினாள்.

"உம்மு மாஜித்! தண்ணி நின்னுபோச்சு!" கீழேயிருந்து மம்தூஹின் அலறல். மகன் மாஜிதின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்; அவளுக்கு அவர் மாஜிதின் அப்பா.

"நிறுத்தினதே நான்தான்" என்றபடி இறங்கி வந்தாள்.

"இடது கால் பாக்கி இருக்கு!"

"இது எத்தனாவது இடது கால்? உங்களுக்கு இருக்கிறது ஒண்ணுதான், அபு மாஜித்!"

"உன்னை மாதிரி பஸ்ஸுக்கு ஓடுற தொழுகை எனக்கு வராது."

"ஆமா, அடுப்புல பருப்பை வச்சுட்டு ஓடித்தான் தொழறேன். படைச்சவன் ஒரு நாளும் கோச்சுக்கல. பருப்பு கருகினா நீங்கதான் கோச்சுக்கிறீங்க. முக்கால் மணி நேரம் கழுவிட்டுப் போய் அவன்கிட்ட என்னதான் சொல்றீங்க?"

மம்தூஹ் குளியலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் சொல்லல. வேலையில இருந்தப்ப ரெண்டு கடைக்கு நடுவுல அட்டைப்பெட்டியை விரிச்சு அஞ்சு நிமிஷம் தொழுவேன். போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியும். இப்ப நாள் பூரா நேரம் கெடக்கு, ஒண்ணும் போய்ச் சேரல ஃபௌஸியா. கழுவினதுலதான் எங்கயோ குறைன்னு நெனச்சேன்."

அவளுக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இதைச் சொல்றதுக்கு ஒரு தொட்டித் தண்ணி தீரணுமா? எனக்கு மட்டும் தினம் போய்ச் சேருதாக்கும்! பாதி நாள் பருப்பு நெனப்புலயேதான் குனிஞ்சு நிமிர்றேன். சேரலைன்னா அடுத்த வேளைக்கு மறுபடி போறேன். நீட்டுங்க கையை. சூரியன் விழுந்தா அஸர் தொழுகை போச்சு."

அவள் ஊற்ற ஊற்ற அவர் கழுவினார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால். இடது கால் முடிந்ததும் அவருடைய கண் மறுபடி விரல்களுக்குப் போனது. அதற்குள் அவர் புறங்கையில் தன் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"முத்திரை போட்டாச்சு. நான் பார்த்தேன், எல்லாம் நனைஞ்சுது. உங்க முத்திரை விழுந்த தராசை மறுநாளே யாராச்சும் சோதிச்சாங்களா?"

"ஒரு வருஷம் செல்லும்" என்றார் பழக்கதோஷத்தில்.

"இது சூரியன் விழுற வரைக்கும் செல்லும். எழுந்திரிங்க."

எழுந்தவர் போகவில்லை. ஜாடியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது.

"நீ தொழுதியா?"

தொழவில்லை. இவரோடு மல்லுக்கட்டியதில் மறந்தே போயிருந்தாள். "உட்காரு" என்று அவர் ஊற்றினார். அவள் வழக்கம்போல் சரசரவென்று முடித்து எழப்போனாள். அவர் பார்வை அவளுடைய இடது முழங்கையில் நின்றது. அங்கே ஒரு பொட்டு மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் கீழே தோல் நனைந்திருக்காது.

'ஆரம்பிச்சாச்சு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மம்தூஹ் நகத்தால் மாவைச் சுரண்டி எடுத்தார். ஜாடியில் மிச்சமிருந்த சொட்டுகளை அந்த இடத்தில் கவிழ்த்துக் கட்டைவிரலால் தேய்த்தார். ஒரே ஒரு தடவை.

"முத்திரை" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தொழப் போனார்.

அவர் திரும்பி வருவாரென்று சிறிது நேரம் முழங்கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. அவளும் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்றாள். அடுப்பில் பருப்பு இருப்பது, தொழுது முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.