தானாக அடித்த வாசல்மணி

முதல் புகார் வந்தபோது அனம் அதை நம்பவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோமதி என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்கிய வாசல்மணி தானாக அடிக்கிறதாம். கதவைத் திறந்தால் வெளியே ஆளே இல்லையாம்.

கிள்ளானில் தங்கள் அத்தா நடத்தும் துணிக்கடைக்கு மேல்மாடியில் அனமும், அக்காவை லாத்தா என்று கூப்பிடும் அவள் தம்பி அத்னானும் ஆன்லைனில் வீட்டுச் சாமான்கள் விற்றுவந்தார்கள். விளக்கு, பூட்டு, மேசைக் காற்றாடி என்று சின்னச் சின்னப் பொருட்கள். அவற்றில் நன்றாக ஓடியது இந்த வாசல்மணிதான். ஒயர் இழுக்கிற வேலை கிடையாது. பட்டனை வாசலில் ஒட்டிவிட்டு மணியை வீட்டுக்குள் பிளக்கில் சொருகினால் போதும். இதுவரை ஒருவர்கூட அதைக் குறை சொன்னதில்லை. அதில் அனமுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"திருப்பி அனுப்புங்க ஆன்டி, பாத்துட்டு வேற அனுப்புறோம்" என்று ஃபோனில் சொன்னாள். "போஸ்டேஜ் மட்டும் நீங்க கட்டணும். எங்க பேஜ்லயே போட்டிருக்கோம்."

"கெட்டுப்போன சாமான அனுப்பினது நீங்க. அதத் திருப்பி அனுப்ப நான் எதுக்கும்மா காசு கட்டணும்?"

கோமதியின் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்பதுபோல் இருந்தது. அதனாலேயே அனம் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"மணி கெட்டிருந்தா அந்தக் காச நான் குடுத்துடுறேன். நல்லா இருந்தா உங்க செலவு. ஓகேவா ஆன்டி?"

"சரி, அது நியாயமா இருக்கு" என்றார் கோமதி.

மணி வந்து சேர்ந்தது. அனம் அதைத் தன் மேசைக்குப் பக்கத்தில் சொருகி வைத்தாள். பட்டனை அழுத்தினால் அடித்தது. அழுத்தாதபோது சும்மா இருந்தது. காலையில் கடை திறக்கும்போதும் மாலையில் பார்சல் கட்டும்போதும் அதன் மேல் ஒரு கண் வைத்திருந்தாள். ஒரு வாரம் ஓடியும் அது ஒரு தடவைகூடத் தானாக வாய் திறக்கவில்லை.

"லாத்தா, அந்த ஆன்டிக்கு டியூன் பிடிச்சிருக்காது. அதான் கத கட்டுறாங்க" என்றான் அத்னான்.

புதிய மணி ஒன்றை அனுப்பிவிட்டு, பழையதில் பழுதில்லை, அதனால் போஸ்டேஜ் காசு தர முடியாது என்று அனம் பணிவாக எழுதினாள். இரண்டு நாளில் கோமதியே கூப்பிட்டார்.

"புதுசும் அப்படியேதாம்மா அடிக்குது. காசுக்காகச் சொல்லல. எனக்கு இது என்னன்னு தெரிஞ்சாகணும். காலையிலதான் அடிக்கும். நாலஞ்சு நாள் வரிசையா அடிக்கும், அப்புறம் ரெண்டு நாள் சத்தமே இருக்காது. திரும்பவும் ஆரம்பிக்கும்."

அனம் பார்சல் டேப்பைக் கீழே வைத்தாள். கெட்டுப்போன மணி எந்நேரமும் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். காலையில் மட்டும் அடித்து, ஓய்வுநாளும் எடுத்துக்கொள்ளும் மணியை அவள் கேள்விப்பட்டதில்லை.

"ஆன்டி, நான் நேர்ல வந்து பாக்கட்டுமா?"

"கிள்ளான்லேர்ந்தா? ஒரு பெல்லுக்காகவா?"

"எனக்கும் தெரிஞ்சாகணும் ஆன்டி."

அத்னான் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு மணிக்காக அரைநாள் கடையை விட்டுப் போவதா என்று கேட்டான். அவள் காதில் வாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கொமுட்டர் ரயிலைப் பிடித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கினாள். பூக்கடைகளில் மாலை தொடுக்க ஆரம்பித்திருந்த தெரு வழியாக நடந்து, கோமதியின் அடுக்குமாடியைக் கண்டுபிடித்தாள்.

கோமதி வீணை டீச்சர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஹாலில் பாய் விரித்து மூன்று வீணைகளை வரிசையாக வைத்திருந்தார். மத்தியானத்துக்கு மேல்தான் பிள்ளைகள் படிக்க வருவார்களாம். அனமின் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இருவரும் சுவரில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தன்னைப் பார்த்தே அனமுக்குச் சிரிப்பு வந்தது.

எட்டு மணி வாக்கில் மணி அடித்தது.

அனம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நடைபாதை காலியாகக் கிடந்தது. பட்டனை யாரும் தொடவில்லை. திரும்பவும் மணி அடித்தது. அதே நேரத்தில் கீழ்மாடியில் எங்கேயோ அதே டியூன் மெல்லக் கேட்டது.

"ஆன்டி, கீழயும் அடிக்குது" என்றபடி அவள் படிக்கட்டில் இறங்கினாள்.

கீழ்மாடியில், கோமதி வீட்டுக்கு நேர் கீழே இருந்த கதவின் முன்னால், தாதி யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவள் விரல் வைத்திருந்த பட்டனின் ஓரத்தில் அனமின் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"சிஸ்டர், இன்னொரு தடவ அழுத்துறீங்களா?" என்று அனம் கேட்டாள்.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அழுத்தினாள். மாடியிலிருந்து கோமதி, "அடிக்குதும்மா" என்று குரல் கொடுத்தபடி தானும் இறங்கி வந்தார்.

அவள் பெயர் புனிதா. சாவியை எப்போதும் பையின் அடியில் போட்டுவிடுவாளாம். அதனால் வேலை முடிந்து வரும் காலைகளில் பட்டனை அழுத்துவாளாம், கணவன் வந்து திறப்பானாம். வேலை இல்லாத நாட்களில் வாசல் பக்கமே வருவதில்லை. அன்றைக்கும் கணவன் வந்து கதவைத் திறந்தான். தன் வீட்டு வாசலில் மூன்று பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டான்.

"அப்போ எனக்கு மத்தியானத்துல அடிக்கிறது?" என்றாள் புனிதா மெதுவாக.

"மத்தியானத்துலயா?"

"நல்லாத் தூங்கிட்டிருப்பேன். அடிக்கும். எந்திரிச்சு வந்து பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. படுத்தா திரும்ப அடிக்கும். பசங்க விளையாடுறாங்கன்னு நெனச்சு ஒரு நாள் கதவுக்குப் பின்னாலயே ஒளிஞ்சு நின்னேன்."

கோமதி வாயில் கை வைத்தார். "அது என் ஸ்டூடண்ட்ஸ்ம்மா. ஒவ்வொருத்தரா வருவாங்க."

அனம் அங்கிருந்தே தனக்குச் சரக்கு அனுப்புகிறவரைக் கூப்பிட்டாள். எல்லா மணிகளும் ஒரே அலைவரிசையில்தான் வருகின்றன என்றார் அவர். பட்டனின் பின்மூடிக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கும், அதை ஒரு இடம் தள்ளிச் சொருகி, மணியிலும் அப்படியே செய்தால் அலைவரிசை மாறிவிடும். யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லையாம். அனம் படியிலேயே உட்கார்ந்து, புனிதா கொண்டுவந்த கத்தியால் அவள் வீட்டுப் பட்டன், மணி இரண்டின் மூடியையும் கழற்றி ஊசியை மாற்றினாள். புனிதா அழுத்தினாள். கீழே மட்டும் அடித்தது. கோமதி மேலே போய் அழுத்தினார். மேலே மட்டும் அடித்தது.

"இப்ப சொல்லும்மா" என்று கோமதி படியிறங்கி வந்தார். "நான் அனுப்பினது கெட்டுப்போன சாமானா, இல்லையா?"

"உங்க மணி நல்லா இருக்கு ஆன்டி. இவங்களதும் நல்லா இருக்கு. ஒரே கட்டடத்துல ரெண்டும் இருந்தாதான் கோளாறு."

"அப்போ போஸ்டேஜ் யாரு கணக்கு?"

"என் கணக்குதான். ரெண்டு வீட்டுக்கும் வித்தது நான்தானே." அங்கேயே ஃபோனில் காசை அனுப்பிவிட்டாள். பிறகு புனிதாவிடம் திரும்பி, "நீங்க ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றாள்.

"சொல்லலாம்னுதான் உங்க பேஜுக்குப் போனேன். திருப்பி அனுப்புற காசு நாங்கதான் கட்டணும்னு போட்டிருந்துச்சு. பெல் வெலையில பாதி அதுக்கே போயிடும். போகட்டும் லான்னு விட்டுட்டேன். பகல்ல மணியக் கழட்டி வெச்சுட்டுப் படுத்துக்குவேன்."

ரயிலில் திரும்பும்போது அனம் தன் கடைப் பேஜில் போஸ்டேஜ் பற்றி இருந்த அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதை எழுதியது அவளேதான். யாரும் குறை சொல்லவில்லை என்று அவள் பெருமைப்பட்ட நாட்களில் ஒருத்தி மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். இன்னும் எத்தனை வீடுகளில் யார் யார் காலியான வாசலைத் திறந்து பார்க்கிறார்களோ? அதை நினைக்கக் கூச்சமாக இருந்தது. தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. பெட்டாலிங் ஜெயா வருவதற்குள் அந்த வரியை அழித்துவிட்டாள். பொருளில் கோளாறு என்றால் போக வர போஸ்டேஜ் கடையுடையது, முதலில் எங்களைக் கூப்பிட்டு என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள் என்று எழுதினாள். மணி வாங்கிய எல்லோருக்கும் அதையே அனுப்பிவைத்தாள்.

"இனி எல்லாரும் கோளாறுன்னுதான் சொல்வாங்க லாத்தா" என்றான் அத்னான். "நாம கடைய மூடிட்டு பார்சல் பிரிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"சொல்லட்டும். என்ன சொல்றாங்கன்னு கேக்கலாம்."

சொல்லத்தான் செய்தார்கள். சுங்கை பூலோவில் ஒரே வரிசையில் நாலு வீடுகள் மாறி மாறிக் கதவைத் திறந்துகொண்டிருந்தன. ஷா ஆலாமில் ஒருவர் பேய் என்று பயந்து வீட்டை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்திருந்தார். ஊசியை மாற்றும் விதத்தை அனம் ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தாள். பெரும்பாலான வீடுகளில் அதோடு சரியாகிவிட்டது. திரும்பி வந்த பார்சல்கள் அத்னான் பயந்த அளவுக்கு இல்லை. அவன் வாயால் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஃபோன் வரும்போது கூடவே உட்கார்ந்து கேட்கத் தொடங்கியிருந்தான்.

ஒருநாள் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து விஜயன் என்பவர் கூப்பிட்டார். அத்னான்தான் எடுத்தான். கேட்டுவிட்டு ஃபோனைக் கையால் மூடிக்கொண்டான்.

"லாத்தா, இவர் மணி சரியா அடிக்குதாம். ஆனா அந்த டியூனக் கேட்டாலே வீட்டு நாய் ஊளையிடுதாம். வர்றவங்க பயந்து ஓடிடுறாங்களாம். மாத்தித் தரணும்கிறாரு. இதுக்கு யாரு போஸ்டேஜ்?"

அனம் யோசித்தாள். மணியிலும் பழுதில்லை, நாயிலும் பழுதில்லை.

"குடு, நான் பேசறேன்" என்று கையை நீட்டினாள். "அண்ணே, அதுல இன்னும் நெறைய டியூன் இருக்கு. ஒண்ணு ஒண்ணா மாத்துங்க. நாய் பக்கத்துல இருக்குல்ல? நான் லைன்லயே இருக்கேன்."

அத்னான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபோனுக்குக் கிட்டே காதைக் கொண்டுவந்தான்.