தட்டிப் பார்க்கிறவர்

ஓடு வேய்கிறவர் செத்ததிலிருந்து அவர் மனைவிக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் கூரையில் ஏறி ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். நல்ல ஓடு ‘டங்’ என்னும், விரிசல் விட்டது ‘தொப்’ என்னும். அன்றைக்கும் தட்டி முடித்துவிட்டு, “ஏணியைப் பிடி” என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஏணி சறுக்கியது.

செத்த பிறகும் மனுஷர் வேலையை விடவில்லை. வானம் இருட்டினால் போதும், மேலே டங், டங், தொப். முதலில் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுவாள். போகப்போக, சத்தம் கேட்காத நாளில்தான் பயந்தாள். வெளியே சொன்னால் மறை கழண்டுவிட்டது என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் சத்தம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பேரனின் தொட்டிலுக்கு நேர் மேலே தொப், தொப், தொப். தொட்டிலை அவள் நகர்த்திப் போட்ட மறுநாளே பழைய இடத்தில் ஓர் ஓடு விழுந்து தூள்தூளானது. மகள் பிள்ளையை வாரிக்கொண்டு தாய்மாமனுக்குப் போன் போட்டாள். அவனும் கூரை வேலைக்காரன்தான்; வந்து மேலே ஏறிப் பார்த்தான்.

“ஓடு நூறு வருஷம்கூட தாங்கும்க்கா. அதைச் சுமக்குற கட்டைதான் உளுத்துப்போச்சு. பேசாம தகரம் போட்டுடலாம், முப்பது வருஷத்துக்குக் கவலையில்ல.”

“கட்டையை மாத்திட்டு இதே ஓட்டைப் போடேன்டா.”

“இதுல பாதிக்கு மேல விரிசல் விட்டுருச்சு. மாமா இருந்தா அவரே பிரிச்சுப் போட்டிருப்பாரு. யாருக்காக யோசிக்கிற?”

ஓட்டைப் பிரித்தால் அவர் எங்கே போவார் என்று தம்பியிடம் எப்படிக் கேட்பது? மகள் மடியில் பேரன் கொட்டாவி விட்டான்.

“பிரிச்சுடு,” என்றாள்.

தகரம் ஏறியது. ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு ஆட்கள் சாப்பிடப் போனார்கள். அப்போது கேட்டது.

டண். டண். டண்.

தகரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது, எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். மேலே இருந்தவர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனார், திரும்பி வந்தார், இன்னும் வேகமாகத் தட்டினார். அந்தத் தவிப்பு அவளுக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். கூரை வெறுமையாக இருந்தது.

“இதைத் தட்டியெல்லாம் பாக்க முடியாதுங்க. முப்பது வருஷம் தாங்குமாம், உங்க மச்சான் சொல்றான். குழந்தைக்கு இனி ஒண்ணும் ஆகாது. போதும், பாத்து இறங்கி வாங்க.”

சத்தம் நின்றது. ஏணியின் மேல்படி கிறீச்சிட்டது. பிறகு அதற்கு அடுத்த படி.

அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் படி முனகி ஓயும்வரை விடவில்லை.