ஜோடிப் படம்

தை மாதக் காற்று கணவாய் வழியாகப் பாலக்காட்டுக்குள் புகுந்தால் புழுதியையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். சன்னலைச் சாத்தினாலும் எந்த இடுக்கிலாவது நுழைந்துவிடும். வான்பட ஆய்வு மையத்தின் மாடி அறையில் பாகீரதி ஒரு புகைப்படத்தை ஃபிளானல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற பதத்தில் மெல்லத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கறுப்புப் பொட்டுகள் போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"ஏனுங்கம்மா, வந்ததுல இருந்து அந்த ஒரு படத்தையே தொடைக்கறீங்க. தேஞ்சு போயிரப் போவுதுங்க" என்றார் பெரியமுத்து. கொழிஞ்சாம்பாறைக்காரர். மையத்தின் அட்டெண்டர். படங்கள் இருக்கும் இரும்பு அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"தூசி போகவே மாட்டேங்கறது, பெரியமுத்து. பாழாப் போன காத்து."

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுந் தெரியலீங்களே."

"உங்களுக்கு வயசாயிடுத்து. கண்ணாடி போட்டுக்கோங்கோ" என்று சிரித்தாள் பாகீரதி.

பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்த பழைய மாடி வீடு அது. பீர்மேட்டுத் தேயிலை மலைகளை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் அங்கே கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வோர் இடமும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு தடவை படமாகியிருக்கும். அந்த ஜோடியை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஸ்டீரியோஸ்கோப் என்ற நாலுகால் கண்ணாடியை நிறுத்திக் குனிந்தால் இடது கண் இடப் படத்தைப் பார்க்கும், வலது கண் வலப் படத்தைப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகி, தட்டைக் காகிதத்திலிருந்து மலை எழும்பி முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அப்படி எழும்பிய மலையில் ஓடைகளையும் முகடுகளையும் பார்த்துக் கண்ணாடித் தாளில் கோடு இழுப்பதுதான் பாகீரதியின் வேலை. ஒன்பது வருஷமாகச் செய்கிறாள். பீர்மேட்டை நேரில் பார்த்ததில்லை. ஜீப்பில் மலைக்குப் போகிறவர்கள் ஆண்கள்தான். ஆனால் எந்தக் கூலி லயத்துக்குப் பின்னால் எந்த ஓடை இறங்குகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

ஒன்பது வருஷமும் தற்காலிகம்தான். ஆறு மாதம் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுநாள் புது உத்தரவு. கணவன் துரைசுவாமி கோயமுத்தூர் மில் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தவரைக்கும் இது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மில் கதவடைத்த பிறகு வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில் என்று ஆனது. ஆறு மாதத்துக்கொரு தடவை வருகிற அந்த ஒரு நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

பொட்டுகள் ஒரு வாரம் இருந்தன. பிறகு இடப் பக்கத்திலிருந்து நிழல் ஒன்று, யாரோ திரைச்சீலையை இழுக்கிற மாதிரி நகர்ந்து வந்தது. விளக்கின் கோளாறு என்று விளக்கை நகர்த்தினாள். ஒரு திங்கட்கிழமை காலை குனிந்தபோது மலை எழும்பவில்லை. கண்ணாடியின் திருகைத் தளர்த்தினாள், இறுக்கினாள். படத்தை ஒரு நூல் தள்ளி வைத்தாள். காகிதம் காகிதமாகவே கிடந்தது. கடைசியில் என்ன தோன்றியதோ, வலக் கண்ணைக் கையால் பொத்தினாள். மேசை, சன்னல், பெரியமுத்து, எல்லாமே காணாமல் போயிற்று.

அன்றைக்குப் பதறி அழுதிருக்க வேண்டும். அவள் கையை எடுத்துவிட்டுப் பேனாவில் மசி தொட்டுக்கொண்டாள். லீவு கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த இடைவெளி நாள் வரைக்கும் காத்திருந்து, அன்றுதான் துரைசுவாமியோடு கோயமுத்தூர் போனாள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கு உள்ளே இருக்கிற திரை கிழிந்து சுருண்டுவிட்டது என்றார். "கறுப்புப் புள்ளி தெரிஞ்ச உடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா. அப்ப தெரியலையா?"

"தெரிஞ்சது. படத்துல தூசின்னு நெனைச்சுண்டேன்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் துரைசுவாமி டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அவர் எதையும் பழமொழியாலேயே தாளிக்கிற ஆள். மில் மூடினபோதுகூட ஒன்று சொல்லித் தானே சிரித்தவர். கஞ்சிக்கோடு தாண்டினதும் பழக்க தோஷத்தில், "உள்ளதும் போச்சு..." என்று ஆரம்பித்தார். அது 'நொள்ளைக் கண்ணா' என்று முடியும் என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாகீரதி அவரைப் பார்த்தாள். "சொல்லி முடிங்கோ. நிஜம்தானே" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று.

அதன் பிறகு அவள் ஒற்றைக் கண்ணால் வேலையைத் தொடர்ந்தாள். முன்பே வரைந்த தாள்களைச் சுத்தமாகப் பிரதி எடுப்பதற்கும் எழுத்து எழுதுவதற்கும் ஒரு கண் போதும். புதுப் படங்கள் வந்தால் "இதை முடிச்சுட்டு எடுக்கறேன் சார்" என்று தள்ளிப்போட்டாள். பெரியமுத்து இடக்கைப் பக்கம் வைத்த டீ டம்ளரை இரண்டு தடவை தட்டிக் கொட்டினாள். அவர் துடைத்தார். மூன்றாம் நாளிலிருந்து டம்ளரை வலப் பக்கம் வைக்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

எமர்ஜென்சி முடிந்த கையோடு எங்கெங்கோ முடங்கிக் கிடந்த ஃபைல்கள் அசைய ஆரம்பித்தன. ஒரு நாள் டைரக்டர் சுந்தரராமன் படியேறி வரும்போதே குரல் கொடுத்தார். அவளைத் தேர்ந்தெடுத்து வேலை பழக்கியவர் அவர்தான்.

"பாகீரதி, ஸ்வீட் வாங்கி வைங்கோ. ஸ்திரமா ஒரு போஸ்ட் சாங்ஷன் ஆயிடுத்து. சம்பளம், பென்ஷன், லீவு, எல்லாம் உண்டு."

பாகீரதிக்கு ஒரு கணம் கண் விஷயமே மறந்துபோயிற்று. எழுந்து நின்றுவிட்டாள்.

"பேருக்கு ஒரு பரீக்ஷை வைக்கணும். ரூல். ஞானம்னு ஒரு பொண்ணும் அப்ளிகேஷன் போட்டிருக்கா, ஜியாக்ரஃபி படிச்சவ. ஜோடிப் படத்தை வெச்சு நாலு கேள்வி கேப்பேன். உங்களுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடுன்னா?"

அவர் இறங்கிப் போனதும் பாகீரதி மறுபடி உட்கார்ந்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுக்கத் தயார்தான். வாங்கிக்கொள்ளக் கண் இல்லை.

பெரியமுத்து வாசலைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "ஏனுங்கம்மா, பரீட்சைக்கு அலமாரியில இருந்து படம் எடுத்து வைக்கறது நாந்தானுங்க. எந்தப் படம்னு சார் சொல்ல மாட்டாருங்க. நீங்க சொல்லுங்க, அதையே வைக்கறனுங்க."

"வேண்டாம். தப்பு."

"எது தப்புங்க? அந்த மலையெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சதைத்தான சொல்லப் போறீங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். துரைசுவாமி மகளின் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை மூக்குக்கு நேரே பிடித்து நூல் கோக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். மறுநாள் பாகீரதி பெரியமுத்துவிடம், "பாலத்துக்கிட்ட ரெட்டை மொட்டைக் குன்று இருக்கே, அந்த ஜோடி" என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சையன்று ஞானம் முதலில் போனாள். காதில் சின்னத் தொங்கட்டான் ஆட, உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஒரு ஓடையை ரோடுன்னு சொல்லிட்டேன் மாமி" என்று கண் கலங்கினாள். அவளுக்கு வேறு ஜோடி. பாகீரதி அவள் முதுகைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். படங்கள் மேசைமேல் நாடா ஒட்டித் தயாராக இருந்தன. பெரியமுத்து கதவோரம் நின்றார்.

"நிதானமாப் பாருங்கோ. மலை தெரியறதா?" என்று கேட்டார் சுந்தரராமன்.

பாகீரதி குனிந்தாள். பாலம், வளைந்து ஏறும் ரோடு, வரிசையாக லயங்கள். பெரியமுத்து வாக்குத் தவறவில்லை.

"தெரியறது சார். நன்னா எழும்பி நிக்கறது."

"ரெண்டு மொட்டையில எது ஒசரம்?"

"கெழக்க இருக்கறது. ஒரு கோயில் கோபுரத்தைத் தூக்கி அது மேல வெச்ச மாதிரி."

"ஓடை?"

"லயத்துக்குப் பின்னாடி பள்ளத்துல எறங்கி, ஃபாக்டரியைச் சுத்திண்டு பாலத்துக்கு அடியில போறது சார்."

அவர் தம் கையிலிருந்த வரைபடத்தோடு ஒவ்வொன்றையும் ஒத்துப்பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணுகூடத் தப்பில்லை. இந்த மலையைப் பார்த்து எத்தனை நாளாச்சு! நகருங்கோ, நானும் ஒரு தரம் பாத்துக்கறேன்."

அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாகீரதி, இந்தப் படங்களை நீங்க தொட்டேளா?"

"இல்லை சார். வெச்சது வெச்சபடி இருக்கு."

"அப்ப மலை எழும்பித்தா?"

"ஆமாம் சார்."

அவர் மேசையைச் சுற்றி அவளுக்குப் பின்னால் வந்தார். கதவோரம் நின்ற பெரியமுத்து அவளுடைய இடப் பக்கமாக எதையோ பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். என்னவென்று பாகீரதி முகத்தைத் திருப்பினாள். சுந்தரராமனின் கை, அவளுடைய காதுக்கு அருகே நீட்டியிருந்த விரல்களோடு, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

படங்கள் இடம் மாறியிருந்தன. இடப் படம் வலப் பக்கத்தில், வலப் படம் இடப் பக்கத்தில். அப்படி வைத்தால் இரண்டு கண் உள்ளவர்களுக்கு மலை குழியாகிவிடும், ஓடை சுவராக எழுந்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் யாரும் 'ஐயோ' என்பார்கள். பெரியமுத்து எண் வரிசைப்படி வைத்திருந்தார். அலமாரியில் அடுக்குவது அப்படித்தான். விமானம் ஏர் உழுகிற மாதிரி ஒரு சால் போய் அடுத்த சால் திரும்பி வரும் என்பதும், திரும்பி வந்த வரிசையில் எண்கள் வலமிருந்து இடமாக ஓடும் என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. மேசையில் படத்தை வைப்பது எப்போதும் பாகீரதிதான்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் சுந்தரராமன்.

"தை மாசத்துலேர்ந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல்லை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேள் சார்?"

அவர் நல்ல மனிதர். வரைபடத்தைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "நான் கண்டுக்காம விட்டாலும் மெடிக்கல் போர்டு விடாது. நஷ்ட ஈடு கேட்டு எழுதலாம். ஆனா ரிக்கார்டுப்படி நீங்க சேந்தாப்ல ஆறு மாசத்துக்கு மேல இங்க வேலையே பாக்கல்லையே, பாகீரதி." வரைபடத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஞானத்துக்கு ஒரு மாசம் சொல்லிக் குடுங்கோ. மலை பூராவும் உங்க தலைக்குள்ள இருக்கு. தினக்கூலி போட்டுத் தரேன்" என்றார்.

வெளியே பெரியமுத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "எம் புத்தியச் செருப்பால அடிக்கோணுங்க. நான் கை வைக்காம இருந்திருந்தா..."

"இருந்திருந்தாலும் போர்டுல மாட்டிண்டிருப்பேன். எந்திரிங்கோ" என்றாள் பாகீரதி. அவர்மேல் அவளுக்கு ஒரு பொட்டுக்கூடக் கோபம் வரவில்லை. நேரில் பார்த்தறியாத அந்த மலையின்மேல்தான், ஏனென்று தெரியாமல், ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞானம் வேலையில் சேர்ந்த அன்று பாகீரதிதான் படங்களைச் சரியாக வைத்துக் கொடுத்தாள். நாற்காலியில் ஞானம். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு இவள்.

"வந்துடுத்து மாமி! அம்மாடி, மூக்குல முட்டறது!" ஞானம் குதிக்காத குறை. சின்னப் பெண்ணுக்கு உண்டான சந்தோஷம். பாகீரதிக்கும் அது தொற்றிக்கொண்டது.

"அதான் கெழக்கு மொட்டை. அதுக்குப் பின்னாடி ஓடை பொறப்பட்டு..." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். கண்ணாடிக்கு அடியில், காகிதத்துக்கு மேலே, மலை வந்து நிற்கிற உயரத்தில் கையைக் குவித்து நிறுத்தினாள். அங்கிருந்து விரல்கள் ஒவ்வொரு சரிவாக இறங்கின. "இங்க திரும்பும். இங்க ஒரு பாறை. இங்க வந்து ரெண்டாப் பிரியும்..."

"மாமி" என்றாள் ஞானம், தலை நிமிராமலே. "கையைக் கொஞ்சம் எடுக்கறேளா? மலை மறையறது."