பனி படிந்த நாரைக் காசு

எங்கள் கடையில் கண் அவளுடையது, கேமரா என்னுடையது. சேகரிப்பாளர்கள் கொண்டுவரும் நாணயங்களை என் மனைவி பார்த்து, இது இன்ன ஃபினிஷ், இன்ன தரம் என்று சொல்லுவாள். நான் படம் எடுத்து, அவள் சொன்னதைச் சான்றிதழில் அடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடுவேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் சொன்னதற்கு எதிர்ப்பேச்சுப் பேசிப் பார்த்தேன். கடைசியில் அவள் சொன்னதுதான் சரி என்று ஆனது. அதோடு வாயை மூடிக்கொண்டேன். குடும்பமும் கடையும் நன்றாக ஓடின.

சேகரிப்பாளர் சங்கத்தில் அவளுக்குக் கழுகம்மா என்று பெயர். உண்மையில் அந்தக் கழுகுக்கு ஒரு கண்தான். இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்கு இருக்கிறது. வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. வலது கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, மேசை விளக்கின் கீழே நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். இந்தக் காலத்து நாணயச்சாலைகள் சும்மா இருப்பதில்லை. ஒரே நாணயத்தைக் கண்ணாடி போலப் பளபளப்பாக ஒன்று, மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய அச்சில் பனி படிந்தாற்போல ஒன்று, வேண்டுமென்றே கறுக்கவைத்து ஒன்று என்று வெளியிட்டு நம் ஆட்களைக் கிறுக்காக்கும். கண்ணாடி ஃபினிஷ் என்றால் சாய்க்கச் சாய்க்கக் கறுக்கும், வெளுக்கும், மறுபடி கறுக்கும். பனி ஃபினிஷ் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே சாம்பல். கேட்க எளிதாக இருக்கும். நடுவில் இருக்கும் ரகங்களைப் பிரித்துச் சொல்லத்தான் அவள் வேண்டும்.

அந்த மாதம் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் நாரைக் காசு கொண்டுவந்தார். உள்ளங்கை நிறையும் வெள்ளி நாணயம். ஓரத்தில் ஒற்றைக்காலில் ஒரு நாரை, மிச்சமெல்லாம் வெறும் வெளி. வெளியான நாரைக் காசுகள் எல்லாமே கண்ணாடி ஃபினிஷில் வந்தவை. முதலில் சிலவற்றைப் பனி ஃபினிஷில் அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பேச்சுதான், பார்த்தவர் யாருமில்லை.

என் மனைவி லென்ஸை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "டிரைவர் சார், உட்காருங்க," என்றாள். "இது பனி."

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தெருவில் நிறுத்தியிருந்த பஸ்ஸை மறந்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, அக்காவிடம் சொல்லி, மச்சானிடம் சொல்லி, கடைசியில் என்னையே கட்டிப்பிடித்துக்கொண்டார். சங்கத்துச் செயலாளர் அன்றைக்கே பேசினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கழுகம்மாதான் முதலில் பேச வேண்டும், படத்தோடு.

வினை அந்தப் படத்தில்தான் வந்தது.

"என்னங்க இது, கறுப்பா வந்திருக்கு? பனி எங்க?"

"கேமராவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா."

"கேமரா மேல பழியப் போடாதீங்க. லைட்டத் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தேன். மெல்லிய தாளைப் போட்டு மறைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். நாரை வெள்ளையாக நிற்க, பின்னால் வெளி கன்னங்கரேலென்று வந்தது. அது கண்ணாடி ஃபினிஷின் அடையாளம். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் பனி என்றால் பனிதான், என் விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் புது பல்பு வாங்கி வந்தேன்.

"பொண்ணு பார்க்க வந்தப்பவே கேட்டிருக்கணும்," என்றாள். "மாப்பிள்ளைக்கு லைட்டு வைக்கத் தெரியுமான்னு."

அந்த வாரமே இன்னும் இரண்டு நாரைக் காசுகள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தன. இரண்டையும் பனி என்றாள். யாருமே பார்க்காத ஒன்று, ஒரே வாரத்தில், எங்கள் கடைக்கு மட்டும் வரிசைகட்டி வருமா? அவளோ சந்தோஷத்தில் மிதந்தாள். கூட்டத்துக்கு என்ன புடவை என்று என்னிடமே கேட்டாள். வழக்கமாக என் ரசனையை அவள் மதிப்பதில்லை. நடுநடுவே, நான் அப்போதுதான் துடைத்த கண்ணாடி அலமாரியை மறுபடி துடைத்து, "எப்படித்தான் துடைக்கிறீங்களோ, புகை அப்படியே இருக்கு," என்று அலுத்துக்கொண்டாள். அந்தக் கண்ணாடியில் புகையே இல்லை.

எங்கள் இருப்பிலும் ஒரு நாரைக் காசு உண்டு. வெளியான ஆண்டிலேயே வாங்கியது. 'கண்ணாடி, குறையில்லை' என்று அவளே சீட்டு எழுதி வைத்தது. வெள்ளிக்கிழமை அதைச் சீட்டில்லாமல் எடுத்து, அன்று வந்த நாணயங்களோடு அவள் தட்டில் வைத்தேன். கட்டின மனைவிக்கு இப்படிப் பொறி வைக்கிறோமே என்று கை கூசத்தான் செய்தது. அவள் எடுத்தாள், சாய்த்தாள்.

"அட, இன்னொண்ணுங்க!" என்று சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள்.

சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் முன்னால் அவள் நாணயத்தைத் தூக்கிக் காட்டுவாள். முன்வரிசையில் இருப்பவன் கையில் வாங்கிப் பார்த்ததும் சிரிப்பான். சொன்னால், இருக்கிற ஒரே கண்ணும் போகிறது என்பதை அவளுக்கு முதலில் சொன்னவன் நானாக இருப்பேன். ஊரார் சிரிப்பதைவிட நான் திட்டு வாங்குவது மேல் என்று சனிக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"நேத்து நம்ம சொந்தக் காசை உன் தட்டுல கலந்து வச்சேன். நீயே கண்ணாடின்னு எழுதி வச்ச நாரை. அதையும் பனின்னுட்ட."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சோதனை வச்சீங்களா? எனக்கா?"

"ஆமா."

"கைய வச்சு மங்கடிச்சிருப்பீங்க. உங்க விரல்தான் எனக்குத் தெரியுமே."

"தொடலம்மா. எழுத்து வச்சுப் பார்ப்போம். நீதானே எல்லாருக்கும் சொல்லுவ?"

அது அவள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை. எழுதின தாளைக் காசுக்கு மேலே கூரை மாதிரி கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணாடி ஃபினிஷ் என்றால் எழுத்து காசில் தலைகீழ்ப் பிம்பமாகத் தெரியும், கொஞ்சம் திணறினால் படித்துவிடலாம். பனி என்றால் ஒன்றும் தெரியாது.

"வச்சுப் பார்த்தாச்சு," என்றாள். "டிரைவர் காசுல வச்சேன். ஒரு எழுத்து வரல."

"உனக்கு வரல. எனக்கு வருதான்னு பாரு."

வெடுக்கென்று ஒரு தாளைக் கிழித்து, என் கண்ணில் படாமல் ஏதோ எழுதினாள். டிரைவரின் காசை மேசையில் வைத்து, தாளைக் கவிழ்த்துப் பிடித்தாள். நான் பக்கவாட்டில் குனிந்து, கூரைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். நாரையின் அலகுக்குப் பக்கத்தில் எழுத்துக் கருகருவென்று நின்றது.

"மண்டு," என்று படித்தேன்.

தாள் அசையவில்லை.

"குருட்டு யோகத்துல சொல்லிட்டீங்க. எப்பவும் உங்களை அப்படித்தானே சொல்லுவேன்."

"அப்ப வேற எழுது."

இந்த முறை உடனே எழுதவில்லை. பிறகு குனிந்து, பொடி எழுத்தில் எழுதி, அடுத்த காசின் மேல் கவிழ்த்தாள். நான் மறுபடி குனிந்தேன். முதல் சொல்லைப் பிடித்துவிட்டேன். வாயில் வரவில்லை.

"தெரியுதா, தெரியலையா?"

"தெரியுது."

"அப்ப படிங்க."

"பயமா..." என்றேன்.

"முழுசாப் படிங்க."

"பயமா இருக்கு."

அவள் தாளை எடுத்து நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். கண்புரை என்றால் இப்போதெல்லாம் சின்ன வேலை, போன அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றெல்லாம் சொல்ல வந்தேன். அது புரைதானா என்று எனக்கென்ன தெரியும்? பேசாமல் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நீங்க எடுத்த படமெல்லாம் சரியாத்தான் வந்துச்சா?"

"சரியாத்தான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தீங்க? புது பல்பு வேற."

"நீ பனின்னு சொன்னியே."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை; பார்க்கச் சகிக்கவில்லை, எனக்கும் வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். ஷட்டருக்கு வெளியே யாரோ குனிந்து, "கடை இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, செயலாளருக்குப் போன் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.

"சார், நாளைக்கு நான் பேசல. அது பனி இல்ல, கண்ணாடிதான். மத்ததும் அப்படியே." செயலாளர் நம்பவில்லை போலிருக்கிறது, அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "வேற யாரும் சொல்லி மாத்தல சார். நான் பார்த்ததுதான் தப்பு. எங்க வீட்டுக்காரர் எடுத்த படம் சரி. வேணும்னா அதைப் போட்டுக் காட்டுங்க." அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டார்கள். "டிரைவருக்கு நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்," என்று முடித்தாள்.

பிறகு என் போனைத் திருப்பித் தராமல், கண் ஆஸ்பத்திரி நம்பரைத் தானே தேட ஆரம்பித்தாள். திரையை வலது கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. அவளாகவே போனை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே போடுங்க," என்றாள். "எனக்குத் தெரியலைங்க."