சிவலையும் வேலிப் பொட்டும்

அன்று எங்கள் மாட்டுக் கொட்டிலில் இருந்தவர்கள்: என் அக்கா செல்வநாயகி, கவிழ்த்த வாளியின் மேல்; அடுத்த வளவு ஏரம்பு அண்ணை, உரலின் மேல், கையில் மணிக்கூட்டோடு; அவர் மனைவி கமலாவதி, அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பலகையில்; நான், வாசலில், மடியில் கொப்பியோடு. நடுவில் எங்கள் பசு சிவலை நின்றது. அதன் காலடியில் கமலாவதியின் மறியாடு படுத்திருந்தது. 1986 மார்ச் ஆறாந் திகதி, வியாழக்கிழமை.

மறுநாள் சிவலையைப் பரந்தனுக்கு ஏற்றிப்போக லொறி வர இருந்தது. மூன்று கிழமையாக அதற்கு இழுப்பு. ஒவ்வொரு வருடமும் புது வைக்கோல் தூசிக்கு இரண்டு நாள் இருமும். இந்த முறை விடவில்லை. வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்தோம், மருந்து பருக்கினோம். காலில் பட்ட சின்னக் காயம்கூட ஆறவில்லை. பரந்தனில் பச்சைப் புல் உள்ள மச்சாள் வீட்டுக்கு அனுப்பினாலாவது பிழைக்கும் என்று அக்கா முடிவெடுத்தார். அன்றிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை.

முன்பு எங்கள் பக்கத்தில் வேலை பார்த்துக் கண்டிக்கு மாற்றலாகிப் போன மிருக வைத்தியர் பஞ்சலிங்கத்துக்கு நான் கடிதம் எழுதினேன். அவர் பதில் போட்டார்: "தூசி ஒத்துக்கொள்ளாத மாட்டுக்குப் பயமோ தனிமையோ சேர்ந்தால் மூச்சுக்குழாய் இன்னும் வீங்கும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். இழுப்புத் தொடங்கிய கிழமையில் வீட்டில் என்ன மாறியது என்று பார்க்கவும்."

வீட்டில் நடப்பதை நாளுக்கு நாள் குறித்துவைக்கும் கொப்பியைப் புரட்டினேன். பெப்ரவரி பன்னிரண்டு: கமலாவதியின் ஆடு, கொடியில் காய்ந்த அக்காவின் புதுச் சேலைத் தலைப்பைத் தின்றது. பதின்மூன்று: இரண்டு வளவுக்கும் நடுவே நாங்கள் நுழைந்து போய்வரும் வேலிப் பொட்டை அக்கா முள்ளு வைத்து அடைத்தார். பதினைந்து: சிவலைக்கு இழுப்பு. இரண்டு வருடமாக அந்தப் பொட்டால் வந்து சிவலையோடு படுத்தெழும்பிய ஆடு, பிறகு வரவேயில்லை.

"அப்ப மாட்டுக்கு வருத்தம் தந்தது நானெண்டோ சொல்லுறாய்?" அக்கா பாய்ந்தார்.

"நான் சொல்லேல்லை அக்கா. திகதி சொல்லுது."

ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் ஆட்டைத் தெருவைச் சுற்றி வாசல் படலையால் கொண்டுவந்து சிவலையோடு கட்டினோம். வைக்கோல் அதேதான்; தண்ணீர் தெளிக்கவில்லை, மருந்தும் இல்லை. ஞாயிறன்று நிமிடத்துக்கு ஐம்பத்து நாலு மூச்சு. மூச்சுக் குறைந்தால் லொறி வேண்டாம்; அன்றுதான் கடைசி எண்ணல்.

"தொடங்கு," என்றார் ஏரம்பு அண்ணை. நான் விலாவைப் பார்த்து எண்ணினேன்.

கமலாவதி பசுவிடம் சொன்னார்: "சிவலை, உன்ரை வீட்டுக்காரியிட்டைச் சொல்லு, என்ரை ஆடு சேலை தின்ன இஞ்சை வாறேல்லை எண்டு."

அக்காவும் பசுவிடமே சொன்னார்: "சிவலை, அவவுக்குச் சொல்லு, தலைப்பைத் திண்டது கோழியில்லை எண்டு."

"ரெண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ! பிள்ளை எண்ணுறாள்," என்றார் ஏரம்பு அண்ணை.

"முப்பது," என்றேன்.

அக்கா நம்பவில்லை. எழும்பி வந்து விலாவில் கைவைத்துத் தானே எண்ணினார். முப்பத்தொன்று. சிவலை வைக்கோலை மென்றபடி ஆட்டின் நெற்றியை நக்கியது.

அக்கா வேலியடிக்குப் போய் முள்ளை இழுக்கத் தொடங்கினார்.

"கையைக் கிழிக்கப் போறாய், தள்ளு!" கமலாவதி பின்னால் ஓடினார். மூன்று கிழமைக்குப் பிறகு அக்காவோடு அவர் நேரே கதைத்தது அதுதான். "சேலை ஒண்டு வாங்கித் தாறன்."

"வேண்டாம். மிச்சத் தலைப்பை வெட்டி உன்ரை ஆட்டுக்குக் கழுத்துப்பட்டி தைக்கிறன்."

இரண்டு பேரும் முள்ளும் கையுமாகச் சிரித்தார்கள். பொட்டுத் திறந்தது.

"லொறிக்காரனை வரவேண்டாமெண்டு நான் போய்ச் சொல்லுறன்," என்றார் ஏரம்பு அண்ணை.

நான் கொட்டில் வாசலிலேயே இருந்து, திகதியும் எண்ணிக்கையும் பிசகாமல் வைத்தியருக்கு எழுதி முடித்தேன். அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பொட்டை அடைச்சது நான்தானெண்டும் எழுது."

"எழுதிப்போட்டன்."

"திறந்ததும் நானெண்டு எழுது!"

அதையும் சேர்த்தேன். சோற்றுப் பருக்கை வைத்து உறையை ஒட்டினேன். ஆடு கழுத்தை நீட்டியது. ஏரம்பு அண்ணை கடிதத்தைப் பறித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இணுவில் தபாற்கந்தோரை நோக்கிச் சைக்கிளை மிதித்தார்.